எங்களுக்கு என்ன குறை

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், தேத்தண்ணிக் கடைக்குள் அவரோடு போனால், உங்கள் கை சட்டைப்பையைத் தொடுமுன் அவர் காசைக் கொடுத்து முடித்திருப்பார். ஒருநாளாவது முந்திவிட வேண்டும் என்று நானும் கூட வேலை செய்தவர்களும் எவ்வளவோ தந்திரம் செய்து பார்த்தோம். கை கழுவப் போவதுபோல எழும்பிக் காசு மேசைக்குப் போனால் கடைக்காரர் சிரிப்பார்.

"அண்ணை உள்ளை வரேக்கையே தந்திட்டார்."

திரும்பி வந்து அவரோடு சண்டை பிடிப்போம்.

"என்னண்ணை, எங்களிட்டைக் காசில்லையோ?"

"உம்மட்டை இருக்கும் தம்பி. நான் இல்லையெண்டனானோ? ஆனா எங்களுக்கு என்ன குறை?"

பிள்ளைகளே, அவருடைய பெயரை நான் எழுதமாட்டேன். லாச்சப்பலில் ஒரு பெயரைச் சொன்னால், எந்த ஊர், யாருடைய மச்சான், எங்கே பெண்ணெடுத்தவர் என்பதெல்லாம் தேத்தண்ணி ஆறுமுன் வந்துவிடும். அவருக்கு அது பிடிக்காது. 'எங்களுக்கு என்ன குறை' என்று சொல்லுகிற ஒருவர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை மூத்தவள் என்னிடம் வந்து, "அப்பா, புர்ஸுக்கு எழுதிப்போட உங்கடை வருமான வரிக் கடதாசி வேணும்" என்று கேட்டாள். படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவிப்பணத்தைத்தான் இங்கே புர்ஸ் என்கிறோம். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். யோசிக்காமலே வாயில் வந்தது: "அதெல்லாம் எங்களுக்கு எதுக்கு? எங்களுக்கு என்ன குறை?" சொன்னபிறகுதான் அது என்னுடைய சொல் இல்லை என்று தெரிந்தது. அவள் தன் அறைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவர் எனக்குள் வந்து கதிரை போட்டு இருக்கிறார். எழுதினால் எழும்பிப் போவாரோ என்று எழுதுகிறேன். நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன ஆள். குசினியில் வேலை செய்கிறவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வெங்காய மணத்துக்கு மேலே சென்ற் அடித்து, மடிப்புக் கலையாத காற்சட்டை போட்டு, தலைமயிருக்கு மை பூசி வருவார். நாங்கள் மொன்மார்த் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் வேலை செய்தோம். அவர் அடுப்பில். நான் கோப்பை கழுவுகிற இடத்தில். இரவு மிஞ்சிய சாப்பாட்டை முதலாளி பிரித்துக் கொடுப்பார். நாங்கள் எல்லோரும் பேசாமல் வாங்கிக்கொள்வோம். அவர் மட்டும் ஒரு விளக்கத்தோடு வாங்குவார்.

"இது எங்கடை வீட்டிலை ஆர் தின்னுறது? பக்கத்து வீட்டிலை ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருக்குது, பாவம். அதுக்குத்தான்."

நான்தான் பெட்டியில் போட்டு மூடிக் கொடுப்பேன். அந்தக் கிழவிக்காக ஒரு துண்டு இறைச்சி கூடவே வைப்பேன். "கிழவி நல்லாச் சாப்பிடுதோ அண்ணை?" என்று பகிடியாகக் கேட்டால், "ஓம், உம்மை விசாரிச்சது" என்பார்.

ஊரில் இருக்கிற தங்கச்சியோடு வீடியோவில் கதைக்க வேண்டுமென்றால் வீட்டில் இருந்து கதைக்கமாட்டார். ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு நகைக்கடை வாசலில், பின்னால் கண்ணாடிக்குள் மாலைகள் மினுங்க, நின்று கதைப்பார். "வேலையாலை வாறன் பிள்ளை. சும்மா ஒரு சாமான் பாக்க வந்தனான்." கடைக்காரப் பெடியன் உள்ளே இருந்து கையைக் காட்டுவான். தங்கச்சி அதையும் பார்ப்பாள்.

இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் அவர் இதை எங்கே பழகினார் என்று எனக்குத் தெரியும். நான் அப்போது பக்கத்தில் நின்றவன்.

அவர் மனைவியையும் கைக்குழந்தையாக இருந்த மகளையும் இங்கே கூப்பிட எழுதிப்போட்ட காலம். அதற்குச் சம்பளம் காணுமா, வீடு காணுமா என்று பார்ப்பார்கள். வீட்டை அளந்து பார்க்க ஒருவர் வருவார். பாரிசுக்கு வெளியே எபினே-சூர்-செய்னில் அவர் எடுத்த வீட்டில் ஒரு பாயும் ஒரு சட்டியும்தான் இருந்தன. அளக்கிறவர் வருகிற நாளுக்கு நாங்கள் எல்லோரும் எங்கள் வீட்டுச் சாமான்களைக் கொண்டுபோய் நிரப்பினோம். ஒருவர் கட்டில் கொடுத்தார். ஒருவர் பிரிட்ஜ். நான் என்னுடைய மேசையைத் தலையில் வைத்துப் படியேறினேன். யாரோ ஒரு செயற்கைப் பூச்சாடிகூடக் கொண்டுவந்தார்கள். அளந்தவர் பார்த்துவிட்டு, "மிக நன்று, மிஸ்யு" என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவியும் பிள்ளையும் வந்தார்கள்.

அன்று மேசையைத் திருப்பிக் கொண்டுவரும்போது அவர் சொன்னார்: "தம்பி, இஞ்சை இருக்கெண்டு காட்டினால்தான் கதவு திறக்கும். இல்லையெண்டு சொன்னா, வந்த வழியாலை போ எண்டுவாங்கள்."

அதுதான் அவர் பிரான்சில் படித்த படிப்பு. விசா புதுப்பிக்கவும் வீடு மாறவும் பிரஜாவுரிமைக்கும் அந்தப் படிப்பு அவருக்கு உதவியது. அரசாங்கக் கந்தோருக்குப் போகும்போது கலியாணத்துக்குப் போவதுபோலப் போவார். மகள் வளர்ந்து பிரெஞ்சு படித்ததும் அவளையும் கூட்டிப்போவார். அவர் தமிழில் சொல்லுவார், அவள் பிரெஞ்சில் சொல்லுவாள். தகப்பன் 'ஏதோ போகுது' என்றாலும் அவள் 'மிக நன்றாகப் போகிறது' என்றுதான் சொல்லுவாள். அவளையும் அப்படித்தான் பழக்கி வைத்திருந்தார்.

பிறகு அவருடைய தோள் போனது. பெரிய பானைகளைத் தூக்கித் தூக்கி வலது தோள் தேய்ந்து, வெட்டித் தைத்தும் சரிவரவில்லை. விடியற்காலையில் அவர் செய்துவந்த கந்தோர் துடைக்கும் வேலை நின்றது. உணவகத்திலும் பாதிநாள்தான். பானையை நான் தூக்கிக் கொடுப்பேன். "நீர் இளம் ஆள், உடம்புக்கு நல்லது" என்று சொல்லி வாங்கிக்கொள்வார்.

அந்த வருசம்தான் மகளுக்குப் படிப்புக் கிடைத்தது. கண் பார்த்து மூக்குக்கண்ணாடி செய்கிற இரண்டு வருசப் படிப்பு. ஜூரா மலைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் உள்ள அரசாங்கப் பாடசாலை. படிப்புக்குக் காசு பெரிதாக இல்லை. ஆனால் அறை எடுக்க வேண்டும், சாப்பிட வேண்டும், ரயில் ஏற வேண்டும். புர்ஸ் கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போகும். அவள் எழுதிப்போட்டாள். இல்லை என்று பதில் வந்தது. இரண்டு வருசத்துக்கு முந்திய வருமானத்தைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். அந்த வருசம் அவர் இரண்டு வேலை செய்தவர்.

அவள் படித்த லீசேயில், அதாவது உயர்தரப் பாடசாலையில், பிள்ளைகளின் வீட்டுக் கஷ்டங்களைக் கவனிக்கிற ஒரு மதாம் இருந்தார். வருமானம் குறைந்ததைக் காட்டித் திரும்பக் கேட்கலாம், தகப்பனோடு வா என்று சொல்லியிருக்கிறார். அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மாமா, நீங்களும் வாங்கோ. அப்பா அங்கை வந்து எல்லாத்தையும் பழுதாக்கிப் போடுவார்."

"அவர் பெரிய ஆள், பிள்ளை. நான் என்னெண்டு சொல்லுறது?"

"ஒண்டும் சொல்ல வேண்டாம். பக்கத்திலை இருங்கோ, காணும்."

அந்த வருசம் குளிர் விட்டுப்போக மறந்துவிட்டது. மழைக்குள் நான் லீசே வாசலில் நின்றேன். அவர் வந்தார். கலியாணத்துக்குத் தைத்த கோட்டுச் சூட். அதற்கு மேலே நீளக் குளிர்க்கோட். கையில் மோதிரம். சப்பாத்து மினுங்கியது. ஒரு கையில் ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் வாங்கிய பெரிய இனிப்புப் பெட்டி, சிவப்பு நாடா கட்டியது.

"அண்ணை, இது விசா குடுக்கிற பிரெஃபெக்சர் இல்லை."

"கந்தோர் கந்தோர்தானே தம்பி. மரியாதையாப் போவேணும்."

மகள் அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு முன்னால் நடந்தாள்.

அறை சின்னது. ஹீட்டர் அடித்துக்கொண்டிருந்தது. மதாம் நல்ல மனுசி. வயது போனவர். இனிப்புப் பெட்டியைப் பார்த்ததும், இதை வாங்கக்கூடாது என்று பணிவாகச் சொல்லி மேசை ஓரத்தில் வைத்தார். கோட்டைக் கழற்றி அங்கே கொழுவுங்கள், சூடாக இருக்கிறது என்று சுவரைக் காட்டினார்.

"சா வா, மதாம்" என்றார் இவர், பரவாயில்லை என்று. கோட்டோடு அப்படியே இருந்தார்.

மதாம் கேட்கத் தொடங்கினார். மகள் தமிழில் திருப்பிச் சொன்னாள்.

"அப்பா, மாதக் கடைசியிலை கஷ்டமோ எண்டு கேக்கினம்."

"என்ன கஷ்டம்? ஒரு கஷ்டமும் இல்லையெண்டு சொல்லு."

"வேலை குறைஞ்சதோ எண்டு கேக்கினம்."

"நானாத்தான் குறைச்சனான் எண்டு சொல்லு. வயசு போகுதெல்லோ."

"அப்பா!"

"சொல்லு பிள்ளை."

"சாப்பாட்டுக்குப் பிரச்சினை வாறதோ எண்டு..."

அவர் அதற்கு மகளைப் பார்க்கவில்லை. நேராக மதாமைப் பார்த்துச் சிரித்து, தன்னுடைய பிரெஞ்சில் சொன்னார்: "மதாம், நான் சமையல்காரன்!" மதாமும் சிரித்துவிட்டார். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. எனக்கு விளங்கியது, கதவு மூடுகிறது என்று. இந்தக் கந்தோரில் இல்லையென்று சொன்னால்தான் திறக்கும். இதை அந்த மனுசனுக்கு யார் சொல்லுவது? அவருடைய கழுத்திலிருந்து வேர்வை இறங்கிச் சட்டைக் கொலருக்குள் போனது. கோட்டைக் கழற்றவில்லை.

அப்போது அந்தப் பிள்ளை எழும்பினாள். தகப்பனுக்குப் பின்னால் போய் நின்று, இடது கையை முதலில் கோட்டிலிருந்து எடுத்து, கோட்டை முதுகால் சுற்றிக் கொண்டுவந்து, வலது கையை முழங்கையில் தாங்கிப் பிடித்து, மெதுவாக உருவினாள். பழகிய கை. தினமும் செய்கிற கை. சின்னப் பிள்ளைக்குச் சட்டை மாற்றுவதுபோல இருந்தது. அவர் தடுக்கவில்லை. தடுக்க அந்தக் கை எழும்பாது. கோட்டைக் கழற்றாததற்கு அதுதான் காரணம் என்று மதாம் அப்போதுதான் கண்டார். நானும்தான்.

கோட்டைக் கொழுவிவிட்டு வந்து இருந்து, அவள் பிரெஞ்சில் பேசத் தொடங்கினாள். எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். "மதாம், இனி அப்பா சொல்வதை நான் மொழிபெயர்க்கமாட்டேன். உள்ளதைச் சொல்கிறேன்." விடிய வேலை போனதைச் சொன்னாள். தோளைச் சொன்னாள். அம்மா மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பதைச் சொன்னாள். உணவகத்தில் மிஞ்சுவதைத்தான் இரவில் சாப்பிடுகிறோம் என்றாள். "பக்கத்து வீட்டுக் கிழவிக்கு என்று அப்பா வாங்கிவருவார். அந்தக் கிழவி மகனோடு பிரெத்தாஞ் பக்கம் இருக்கப் போய்க் கனகாலம்."

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டிகளை மூடின கைகள். 'கிழவி நல்லாச் சாப்பிடுதோ' என்று நான் செய்த பகிடி ஒவ்வொன்றும் திரும்பி வந்தது.

பேசி முடியும்வரை அவள் தகப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. இனிப்புப் பெட்டியின் சிவப்பு நாடாவையே பார்த்துக்கொண்டு சொன்னாள். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது என்று நினைக்காதீர்கள். குசினியில் ஏச்சு வாங்கிப் படித்த பிரெஞ்சு எல்லாம் விளங்கும்.

மதாம் பேனாவை வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்: "மிஸ்யு, இதெல்லாம் சரியா?"

அவர் மோதிரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"என் மகள் நல்லாய்ப் பிரெஞ்சு கதைப்பாள், மதாம்."

மதாம் தலையாட்டினார். எழுதினார்.

திரும்பி வரும்போது ட்ராமில் ஏறினோம். எபினே வர முந்தி அவர் சொன்னார்: "மதாமுக்கு என்ரை பிரெஞ்சு விளங்கேல்லைப் போலை."

"ஓம் அப்பா" என்றாள் அவள். "அவ கொஞ்சம் வயசு போன ஆள்."

புர்ஸ் கிடைத்தது. செப்டெம்பரில் அவள் மலைக்குப் போனாள். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பழையபடி தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். பக்கத்துக் கடையில் ரொட்டி போடுகிறவரும் வந்திருந்தார். அவருக்கு ஒரு மகன், லீசேயில் கடைசி வருசம்.

"அண்ணை, மகள் தூரத்திலை படிக்கிறாளாம். செலவெல்லாம் என்ன மாதிரி?"

"எங்களுக்கு என்ன குறை? அரசாங்கம் புர்ஸ் குடுக்குது. கெட்டிக்காரப் பிள்ளையளுக்குத் தேடிக் குடுக்கிறாங்கள்."

"அப்ப பரிசு எண்டு சொல்லுங்கோ."

"ஓம்... ஒரு பரிசு மாதிரித்தான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன்.

ரொட்டிக்காரர் பெருமூச்சு விட்டார். "எங்கடை பெடியனுக்குச் சரிவராது அப்ப. அவன்ரை புள்ளியளைப் பாத்தால் அரசாங்கம் என்னட்டைக் காசு கேக்கும்." எல்லோரும் சிரித்தோம். "வாற வருசம் லீல் எண்ட ஊரிலை ஏதோ மின்சாரப் படிப்புப் படிக்கப்போறன் எண்டு நிக்கிறான். வேண்டாம், என்னோடை ரொட்டிக் கல்லிலை நில் எண்டிட்டன். என்ன செய்யிறது, புர்ஸ் குடுக்கிற அளவு மூளை இல்லை."

இவரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ரொட்டிக்காரர் எழும்பி வேலைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் இவரும் எழும்பி அவருக்குப் பின்னால் விறுக்கென்று போனார். இரண்டாம் முறை எடுத்த தேத்தண்ணிக்குக் காசு கொடுக்கவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் கடைக்காரரைப் பார்த்தேன். அவருக்கு நான் தேத்தண்ணிக் காசு கொடுத்தது அந்த ஒருநாள்தான்.

வெளியே என்ன நடந்தது என்று அவர் எனக்குச் சொன்னதே இல்லை. ரொட்டிக்காரர்தான், தன் மகன் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு சொன்னார். தெருமுனையில், பூட்டிக் கிடந்த ஒரு கடையின் இரும்புக் கதவோரம் அவர் தன்னைக் கூட்டிப்போய், "தம்பி, இந்தக் கோட்டை ஒருக்காக் கழட்டிவிடும்" என்றாராம்.

"குளிருக்குள்ளை ஏனண்ணை?"

"கழட்டிவிடும். என்னாலை ஏலாது."

ரொட்டிக்காரர் மாவுக் கையால் கழற்றிவிட்டிருக்கிறார். இவர் வலது கையைத் தூக்கிக் காட்டினாராம். நெஞ்சு உயரத்துக்கு வந்து நடுங்கி விழுந்ததாம்.

"பாத்தீரோ? இதுக்குத்தான் தந்தவங்கள். பிள்ளையின்ரை புள்ளிக்கில்லை. வீட்டிலை இல்லையெண்டு தந்தவங்கள். இல்லாத ஆக்களுக்குத்தான் குடுக்கிறது. பெடியனை எழுதிப்போடச் சொல்லும். ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதையும்."

சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாராம். பிறகு கோட்டைப் போட்டுவிடச் சொல்லி, மெத்ரோ பக்கம் போய்விட்டாராம்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. வேலையையும் விட்டுவிட்டார். மரக்கறி வாங்கக்கூட லாச்சப்பலுக்கு வராமல் எபினேயில் வாங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை ஃபொபூர் சேன்-தெனியில் தூரத்தில் கண்டேன். என்னைக் கண்டதும் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போய், ஒரு சேலைக்கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அந்தச் சின்ன அறையும் அந்தக் கோட்டும் எங்களோடு வந்து நிற்கும். நானும் தொலைபேசியை எடுத்துப் பார்ப்பதுபோல நடந்துவிட்டேன். பிறகு மகளுக்குத் தெற்கே ஒரு கண்ணாடிக்கடையில் வேலை கிடைத்து, தாய் தகப்பனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றார்கள்.

மூத்தவளே, போன வருசத்திலிருந்து எனக்கும் பாதிநேர வேலைதான். உனக்கு அது தெரியும். தெரியாததுபோல நீயும் இருக்கிறாய், நானும் இருக்கிறேன். நீ கேட்ட கடதாசி அலுமாரி மேல்தட்டில் இருந்தது. எடுத்து உன் மேசையில் வைத்திருக்கிறேன். பார்த்திருப்பாய்.

புதன்கிழமை உன்னோடு உன் லீசே மதாமிடம் நானும் வருகிறேன். வேலைக்குப் போகிற உடுப்போடு வருவேன். இனிப்புப் பெட்டி கொண்டுவரமாட்டேன். ஆனாலும் அந்தக் கதிரையில் இருந்ததும் என்னுடைய வாய் 'சா வா மதாம்' என்றுதான் சொல்லும். எனக்கு என்னைத் தெரியும். நீ அதை மொழிபெயர்க்காதே. வீட்டில் உள்ளதை உள்ளபடி சொல்லு.

சொல்லி முடியும்வரை என் முகத்தை மட்டும் பார்க்காதே.